ஆனி மாதத்தில் அழுத்திய பட்டன்

அந்தப் பட்டனை அழுத்தியது நான்தான். என் மருமகள் சுதா இல்லை.

இதை இவ்வளவு நாளாக மறைத்து வைத்திருக்கிறேன். பழி அவள் மேல் விழுந்தது. விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றேன் என்றுகூடச் சொல்லக் கூடாது... அந்தப் பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்ததே என் வாய்தான்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மாரண்டஹள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. புருஷன் போன பிறகு காட்டையும் கிணற்றையும் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவள் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு பேச்சு மட்டும் என் வாயில் வந்ததில்லை. பம்புசெட் ஓடவில்லையா, மாடு கன்று போடத் திணறுகிறதா, தாலுகா ஆபீசில் மடக்கிக் கேட்கிறார்களா... எதுவானாலும் தெரிந்தவள் போலவே நிற்பேன். நின்றால் பாதி தெரிந்துவிடும். அப்படித்தான் வாழ்ந்தேன்.

அந்த வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை 'எனக்கு என்ன தெரியும்' என்று சொன்னேன். அந்த ஒரு தடவையும் பொய்!

சொல்கிறேன். முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் மகள் கவிதா ஜெர்மனியில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. அவளுக்குத் தலைப் பிரசவம். தாய் போய்ப் பார்க்காமல் யார் பார்ப்பது? ஆடி மாதத்துக்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொன்ன தேதி ஆவணியில்.

வீட்டுக்குள் இருக்கும்வரை அவர்கள் நெட்டே போதும், வெளியே கால் வைத்தால் என் செல்லுக்கென்று தனியாக நெட்டு வேண்டும் என்று கவிதா பிடிவாதமாகச் சொன்னாள். "பாஷை தெரியாத ஊரும்மா. செல்லு பேசலேன்னா நீ ஊமைதான்."

என்ன சிம் போடுவது என்று வீட்டில் பெரிய பேச்சு. என் மகன் செந்தில், இப்போது இருக்கிற சிம்மையே வெளிநாட்டுக்கும் திறந்துவிடலாம் என்றான். மாப்பிள்ளை அங்கிருந்து, "அங்க வந்து சிம் வாங்கணும்னா பாஸ்போர்ட்டக் காட்டி, வீடியோவுல மொகத்தக் காட்டி, கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணுங்க அத்தை. இ-சிம் போட்டுக்கிட்டு வந்துருங்க, அதுதான் லேசு" என்றார்.

கடைசியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது சுதாவைத்தான்.

சுதா செந்திலின் பெண்டாட்டி. ஓசூர்ப் பக்கத்துப் பெண். கன்னடம் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். எங்கள் தக்காளி எந்த மண்டிக்குப் போக வேண்டும், இன்றைக்குப் பறிக்கலாமா, நாளை பறிக்கலாமா என்பதெல்லாம் அவள் கையில் இருந்தது. காட்டு வரப்பில் நின்றுகொண்டு கர்நாடகப் பக்கத்து மண்டிக்காரர்களோடு சிரித்துப் பேசுவாள், சண்டை போடுவாள், போனை வைத்துவிட்டு "வண்டிய ஏத்தச் சொல்லுங்க" என்பாள். செந்தில் வண்டி ஏற்றுவான்.

எனக்கு அது பெருமையாகவும் இருந்தது... உறுத்தலாகவும் இருந்தது. ஒரு காலத்தில் அந்த வரப்பில் நின்று 'ஏத்து' என்று சொன்னவள் நான் அல்லவா?

அவள் அந்த இ-சிம்மை எப்படித் தேடினாள் தெரியுமா? பெண் பார்ப்பது போலத் தேடினாள். என் செல் அதை ஏற்குமா என்று முதலில் பார்த்தாள். ஜெர்மனி போய் வந்த தன் சித்தப்பா மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். கவிதா இருக்கிற பக்கம் எந்த டவர் நன்றாக எடுக்கும் என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். வாங்கியவர்கள் என்னென்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தாள்.

"அத்த, ஜெர்மனி மட்டுந்தானுங்களா, இல்ல பக்கத்து நாட்டுக்கும் கூட்டிக்கிட்டுப் போவாங்களா?"

"புள்ளப்பேறு பாக்கப் போறவ ஊர் சுத்தவா போறேன்?"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு நாட்டுக்குன்னா ஒரு மாதிரி, எல்லா நாட்டுக்கும்னா ஒரு மாதிரி இருக்குது. அதுக்குத்தான் கேட்டேன்."

"சிம்மு எங்க, காட்டு பாக்கலாம்."

"கையில புடிக்கற மாதிரி இருக்காதுங்க அத்த. கரண்டு மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா வரும்."

"நம்மூருக் கரண்டு மாதிரின்னு சொல்லிராத. பாதி நேரம் வராது."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "இதுல நம்பர் கெடையாதுங்க. வெறும் நெட்டு மட்டுந்தான். வாட்ஸப்புலதான் பேசணும். நெட்டு நின்னா பேச்சும் நின்னு போயிரும். அதனால நாளுதான் முக்கியம். புள்ள பொறந்து வூட்டுக்கு வந்து, அதுக்கு மேலயும் கொஞ்ச நாள் கெடக்கற மாதிரிதான் எடுத்திருக்கேன்."

எடுத்து, என் செல்லில் ஏற்றியும் வைத்தாள். கடைசியாக ஒரு பச்சைப் பட்டன் மட்டும் பாக்கி.

"இத இங்க தொடவே கூடாதுங்க அத்த. அங்க எறங்குனதும் மாப்பிள்ளை தொடுவாரு. தொட்ட நிமிசத்துல இருந்து நாள் ஓட ஆரம்பிச்சுரும்."

எனக்குச் சுருக்கென்றது. "மாப்பிள்ளை எதுக்கு? நான் என்ன கொழந்தையா? எங்க இருக்குது, காட்டு. நானே தொட்டுக்கறேன்."

காட்டினாள். என்னை நம்பித்தான் காட்டினாள்.

இப்போது நாள் கதைக்கு வருகிறேன். நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை போட்ட டிக்கெட், ஆடி மாதம், அதுவும் அஷ்டமி! பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறவர் உதட்டைப் பிதுக்கினார். தலைப் பிரசவத்துக்கு ஒரு தாய் அஷ்டமியில் படி தாண்டுவதா? மாற்றச் சொன்னேன். மாற்ற முடியாது என்றார்கள்.

இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் வைப்பது. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், கொண்டுபோகிற சாமானில் ஒன்றை எடுத்துப்போய் அடுத்த வீட்டில் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனால் தோஷம் இல்லை. வைத்துவிட்டு ரொம்ப நாள் தள்ளக் கூடாது, அதற்குக் கெடு உண்டு என்று சிலர் சொல்வார்கள். நான் கேட்கவில்லை. ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடங்கக் கூடாதே! ஆனியிலேயே ஒரு முகூர்த்த நாள் பார்த்தேன்.

ஒரு பையில் புடவை, மஞ்சள், பச்சரிசி, பிள்ளைக்கென்று பழைய வேட்டித் துணி. அடுத்த வீட்டுப் பாப்பாத்தி என் வயதுக்காரி, நான் எது செய்தாலும் அதற்கு ஒரு சொல் வைத்திருப்பாள்.

"ஏக்கா, பை இன்னிக்கே ஜெர்மனி போவுது. நீ எப்ப போற?"

"வாய மூடிக்கிட்டு வெளக்கேத்து."

பையை அவள் சாமி மூலையில் வைத்தேன். வைத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. இந்தப் பையா முக்கியம்? பிள்ளை பிறந்தது என்ற சேதி எதில் வரப்போகிறது? இந்தச் செல்லில் அல்லவா? அந்த நெட்டு அஷ்டமியிலா தொடங்க வேண்டும்? அஷ்டமியில் தொடங்கியது எதுதான் விளங்கியிருக்கிறது?

இப்படித்தான் நினைத்தேன். உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? எனக்கு அந்த நிமிடத்தில் அது அத்தனை சரியாகத் தெரிந்தது!

சுதா சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நன்றாகவே இருந்தது. 'தொட்ட நிமிடத்தில் இருந்து நாள் ஓடும்.' ஓடட்டுமே, நாள் நிறைய எடுத்திருக்கிறேன் என்றாளே... என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. என் பயணம் எப்போது தொடங்க வேண்டும் என்று நேற்று வந்தவளா சொல்வது?

செல்லுக்குக் குங்குமம் வைத்தேன். கிழக்கே பார்த்து நின்று அந்தப் பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

"செல்லுக்கும் பொட்டா! அடுத்து வளைகாப்புதான்" என்றாள் பாப்பாத்தி. நான் எதை அழுத்தினேன் என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. பொட்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுதா காட்டில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. திட்டமாட்டாள், தெரியும். ஆனால் 'அய்யோ அத்த' என்று ஒரு பார்வை பார்ப்பாளே... அதற்குத்தான் சொல்லவில்லை.

போய் இறங்கினேன். மாப்பிள்ளை செல்லைக் கேட்டார். "நானே தொட்டுட்டேன்" என்றேன். நெட்டு வந்தது. இறங்கிய கையோடு தொட்டிருக்கிறேன் என்று நினைத்து, "அத்தை கில்லாடி" என்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது.

அந்த ஊரில் நான் பயப்படவில்லை. செல்லுக்குள் ஒருத்தி தமிழில் வழி சொன்னாள். இடது பக்கம் திரும்பு, நேராகப் போ, இங்கே இறங்கு. அவள் பேச்சைக் கேட்டு டிராம் வண்டி ஏறி, சிலோன்காரர் கடைக்குத் தனியாகப் போய் வரப் பழகிக்கொண்டேன். கவிதா ஒரு அட்டையில் விலாசம் எழுதிக் கொடுத்து, பையில் வைத்துக்கொள் என்றாள். வாங்கி மேசை மேலேயே வைத்துவிட்டேன். காணாமல் போகிற பிள்ளைக்குத்தானே விலாசம் எழுதி மாட்டுவார்கள்?

அன்றைக்கு முருங்கைக்கீரையும் பூண்டும் வாங்கக் கிளம்பினேன். பிள்ளை பெற்றவளுக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும் அல்லவா.

"அவரு வர்றப்ப வாங்கிட்டு வருவாரும்மா. நீ இரு" என்றாள் கவிதா. அவளுக்கு இன்னும் நாள் இருந்தது.

"போன காலோட வந்துருவேன். வலி கிலி வந்தா ஒடனே போன் போடு. நான் இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போயிராத."

இதையும் நான்தான் சொன்னேன்.

கடையில் இருந்து திரும்பும்போது டிராமில் அந்தச் செல்லுக்காரி பேசிக்கொண்டே வந்தவள்... சட்டென்று நின்றுவிட்டாள். பாதி வாக்கியத்தில்! செல்லைத் தட்டினேன். உலுக்கினேன். வழி காட்டுகிற கோடு உறைந்துபோய் நின்றது. கவிதாவுக்கு வாட்ஸப்பில் அடித்தேன். சுற்றிச் சுற்றி, போகவே இல்லை.

எந்த நிறுத்தம் என்று தெரியாமல் இறங்கினேன். எல்லாத் தெருவும் ஒன்று போலவே இருந்தது. போர்டுகளில் எழுத்து எழுத்தாக இருந்தது, எனக்கு ஒன்றுமில்லை. எதிரே எத்தனையோ பேர் போனார்கள். செல்லைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சைகையாவது காட்டியிருக்கலாம். கேட்கவில்லை! வழி தெரியாத கிழவி என்று நினைத்துவிடுவார்களே என்று, யாருக்கோ காத்திருப்பவள் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த ஊரில் கோடைச் சாயங்காலம் முடியவே முடியாது. வெளிச்சம் அப்படியே நிற்கும். நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்... கீரை மடியில் வாடிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் என் மகளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

எனக்கு அடித்திருக்கிறாள். திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். மணி போகவே இல்லை. மாப்பிள்ளை ஆபீசிலிருந்து ஓடி வந்து, ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகும், "அம்மா வரட்டும், அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று படியைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்திருக்கிறாள். அழுது அழுது ரத்தக் கொதிப்பு ஏறியது. சுகமாகப் பெற வேண்டியவளை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். மாப்பிள்ளை சொல்லிவைத்திருந்த போலீஸ்காரர்கள் என்னைத் தேடிப் பிடித்து, தங்கள் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். போலீஸ் வண்டியில் போனேன், நான்!

பெண் குழந்தை. நன்றாக இருந்தது. சாமி அந்த மட்டும் விட்டுவைத்தது.

கவிதா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான். "நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே புள்ள பெத்தேம்மா."

மாப்பிள்ளை என் செல்லை வாங்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "பிளான் முடிஞ்சு போச்சுங்க அத்தை. நாளு தீந்துருச்சு."

"தீந்துருச்சா? எப்படித் தீரும்?" படுத்திருந்தவள் எழப் பார்த்தாள். வலியில் முகம் கோணியது. "அண்ணி நெறைய நாளுக்கு எடுத்திருக்கேன்னு சொன்னாங்களே! கம்மியா எடுத்துக் குடுத்துட்டாங்களா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ அங்கயே எதையாச்சும் தொட்டியா?"

என் மகள் நேராகத்தான் கேட்டாள். வாசலைத் திறந்தே வைத்தாள். 'ஆமாம் கண்ணு, ஆனியிலேயே தொட்டுட்டேன்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரப் பெண்கூட இன்னும் கதவோரம் இருந்தாள்.

"அங்க நான் எதத் தொடப் போறேன்? இங்க எறங்குனப்பறந்தான் தொட்டேன். எனக்கு என்ன தெரியும் அதப் பத்தி? சுதா குடுத்தா, கொண்டாந்தேன்."

அவ்வளவுதான். படிக்காதவள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்... வாழ்நாள் முழுக்க யாரும் என்னைப் பார்த்து இப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்து வாழ்ந்தேனே! தேவைப்பட்டபோது அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். அது இன்னும் வலிக்கிறது.

மறுநாள் செந்திலோடு வீடியோவில் பேசினாள் கவிதா. அவன் பக்கத்தில் சுதா நிற்பது தெரிந்தது. கவிதா அழுதாள், ஏசினாள். அண்ணி வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லவில்லை. அலட்சியம் என்றாள். எங்கம்மா உயிர் அவங்களுக்கு விளையாட்டா என்றாள்.

சுதா தன் செல்லை நீட்டிக்கொண்டே வந்தாள். "ஏங்க, இதப் பாருங்க. எத்தன நாளைக்கு எடுத்தேன்னு இருக்குது. அங்க போறதுக்கு முன்னாடியே யாரோ ஆரம்பிச்சிருக்காங்க..."

செந்தில் அதைப் பார்க்கவே இல்லை. "அப்ப எங்கம்மா பொய் சொல்றாங்களா?"

சுதா கேமராவைப் பார்த்தாள். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருந்து என்னைப் பார்த்தாள். நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

அவள் கையை இறக்கிவிட்டாள்.

நான் ஊர் திரும்பியபோது வீடு மாறியிருந்தது. மண்டிக்காரர்களோடு செந்திலே பேசினான். அவனுக்குக் கன்னடம் கொஞ்சம்தான் வரும். "ஒரு சிம்மே ஒழுங்கா எடுக்கத் தெரியல, இதுல தக்காளிய எந்த மண்டிக்கு ஏத்தறதுன்னு நீ சொல்றியாக்கும்" என்று ஒருநாள் களத்து மேட்டில், பறிக்க வந்த ஆட்கள் முன்னால் சொன்னான். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். சுதா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் வரப்பில் நின்று போனில் சிரிக்கிற சத்தம் அதோடு நின்றது.

நானும் அந்தக் களத்து மேட்டில்தான் இருந்தேன். சொல்லியிருக்கலாம்!

ஏன் சொல்லவில்லை? நீங்கள் கேட்பதற்கு முன் நானே என்னை ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். மகன் முகத்தில் விழிக்க முடியாதே என்றா? இத்தனை நாள் கழித்துச் சொன்னால், பட்டனை விட இத்தனை நாள் சும்மா இருந்ததுதானே பெரிய குற்றமாகிவிடும் என்றா? ஒவ்வொரு நாள் கழியக் கழியச் சொல்வது இன்னும் கடினமாகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்...

போன மாசியில் கவிதா குழந்தையோடு வந்தாள். குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் சீர்தான் முதலில் வரும். முதல் தட்டைத் தாய்மாமன் பெண்டாட்டி எடுக்க வேண்டும். சுதா பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு மேளக்காரர்களுக்குப் பின்னால் நின்றாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

கவிதா என் காதோரம் வந்தாள். "அம்மா, எம் புள்ள சீர அண்ணி எடுக்க வேணாம். எனக்கு அது மனசுக்கு ஆவாது. நீயே சொல்லிரு."

மேளம் தொடங்கப் போகிறது. சொந்தமெல்லாம் நிற்கிறது. என் முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டும் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று இந்த இடத்தில் சொல்லவே முடியாது.

"சுதா, தட்டப் பாப்பாத்திகிட்டக் குடு" என்றேன்.

பாப்பாத்திக்கே பொறுக்கவில்லை. "என்னக்கா இது, மாமங்காரன் பொண்டாட்டி கல்லாட்டம் நிக்கறப்ப..." என்று முணுமுணுத்தாள். சுதா தட்டைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தட்டின் ஓரம் சரிந்த ஒரு வெற்றிலையை எடுத்துச் சரியாக வைத்தாள். பிறகு கூட்டத்தில் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கவிதா விமானம் ஏறிப் போன மறுநாள், செந்தில் காட்டுக்குப் போன பிறகு, சுதா தொட்டியோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"சுதா... அந்தப் பட்டன நாந்தான் அழுத்துனேன். பரஸ்தானம் வெச்ச அன்னிக்கே. உம் மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டேன்! அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். ஒருவேளை... ஒருவேளை என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றும் நினைத்தேன். அந்த ஆசையும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவள் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எம் மேல தப்பு இல்லேன்னு எனக்குத் தெரியாதுங்களா அத்த?"

தேய்த்த சட்டியில் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள்.

"தெரிஞ்சவகிட்ட வந்து சொல்லி என்னங்க ஆவப்போவுது? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கோபம் இல்லை அவள் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, அதோடு முடித்திருப்பேன். அவள் எதையும் முடிக்கவிடவில்லை.

அவள் கேட்டது சரிதானே? அவளிடம் போய்ச் சொன்னது எதற்காக? என் பாரத்தை இறக்கத்தானே? இறக்கி வைக்கவும் அவள் தலையைத்தானே தேடிப் போனேன்!

சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர். என் மகன். என் மகள். ஒருவன் ஒவ்வொரு நாளும் என் கையால் சோறு வாங்கித் தின்கிறான். இன்னொருத்தி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருகிறாள்.

இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் தெரியாதவர்கள்தானே என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்... ஒப்பவில்லை. சுதா சொன்ன தெரியாதவர்கள் நீங்கள் இல்லை. உங்களிடம் சொல்வதற்குத் தைரியம் தேவைப்படவில்லை.

இன்று ஞாயிறு. மத்தியானம் கவிதா கூப்பிட்டாள். செல்லை எடுத்து வந்து என் கையில் கொடுத்தது சுதாதான். மற்ற நாளில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகமாட்டாள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பாள். தொட்டியோரம் பேசிய நாளில் இருந்து இப்படித்தான். செந்திலும் கட்டிலில் உட்கார்ந்து தங்கையைப் பார்த்துக் கையாட்டினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் எதிரில்.

குழந்தைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறதாம், காய்ச்சலாம். கிராம்பு வைக்காதே, வசம்பு உரசிப் போடு என்றேன். மழை பெய்ததா என்று கேட்டாள். பெய்தது என்றேன். கிணற்றில் தண்ணீர் எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். "வேற என்னம்மா?" என்றாள்.

நிலையில் நின்றவளை நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே, அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"வேற ஒண்ணும் இல்ல கண்ணு" என்றேன்.

செல்லை வைத்தேன். சுதா வந்து அதை எடுத்துக்கொண்டு, சார்ஜில் போடப் போனாள்.